பூண்டோடு அழிந்தவர்கள் என்கிறார்கள்

பண்டாத் தீவுகளின் நெய்ராத் துறையில் கப்பலை விட்டு இறங்கி, நசாவ் கோட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெளிநாட்டுப் பயணிகள் ஏழெட்டுப் பேர் போனார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த பையன் கையை நீட்டி நீட்டிக் கதை சொல்லிக்கொண்டு போனான். அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. இந்தத் தீவுகளின் பூர்வ குடிகளை ஒல்லாந்தர் 1621இல் பூண்டோடு அழித்துவிட்டார்கள், ஒருவர்கூட மிச்சமில்லை என்றான். பயணிகள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் கோட்டைச் சுவரைப் படம் எடுத்தார். பத்தடி பின்னால் இடுப்பில் மண்சட்டியை அணைத்தபடி நான் நின்றிருந்தேன்.

ஒருவர்கூட மிச்சமில்லையாம்.

அப்படியானால் நான் யார்? என் வாயில் இருக்கும் மொழி யாருடையது? என் பாட்டி சாகும்வரை பாடிய பாட்டுகளில் வரும் லொந்தோரும் செலாமோனும் எந்த ஊர்கள்? என் உயிர் இருக்கும்போதே எனக்குத் திவசம் செய்கிறார்களே, அதைக் காதால் கேட்டுக்கொண்டு நான் சும்மா போக வேண்டுமா?

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்தால் நல்ல பிள்ளை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் எழுதியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், பள்ளியில் அப்படித்தான் படித்தான். ஆனால் நானூறு வருஷமாக எங்கள் தலைக்குமேல் பேசிக்கொண்டே போகிறார்கள். ஒருவராவது திரும்பிப் பார்த்து, 'நீ எந்த ஊர் அம்மா?' என்று கேட்கக் கூடாதா?

நான் பண்டாக்காரி. எங்கள் மொழியில் அந்த மண்ணுக்கு வந்தான் என்று பெயர். நான் பிறந்தது அங்கே இல்லை. கிழக்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய கேய் தீவில், பண்டா ஏலி என்ற கடற்கரை ஊரில். ஊரின் பெயரிலேயே பண்டா இருக்கிறது, பாருங்கள். ஓடிவந்தவர்கள் எதையும் கொண்டுவரவில்லை, பெயரை மட்டும் கொண்டுவந்தார்கள். அதே தீவில் எலாட் பக்கம் இன்னொரு ஊர் உண்டு, அதுவும் பண்டா எலாட்தான். இந்த இரண்டு ஊர்களில்தான் எங்கள் மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகத்துக்கே ஜாதிக்காய் கொடுத்த மண்ணின் மொழியை அந்த மண்ணில் இன்று பேச ஆள் இல்லை.

தமிழ் பேசுகிறவர்களே, இதை உங்களிடம் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் குழந்தை தூங்காமல் அழுதால் உரைகல்லில் ஜாதிக்காயை நாலு இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவீர்களாம். கல்யாணப் பிரியாணியில் ஜாதிபத்திரி போடுவீர்களாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அந்தக் காயும் பத்திரியும் சந்தைக்கு வந்ததெல்லாம் எங்கள் கைப்பிடியளவுத் தீவுகளிலிருந்துதான். வரைபடத்தில் ஊசி குத்தினால் எல்லாத் தீவும் மறைந்துபோகும், அவ்வளவு சின்ன இடம். அதற்கு ஈடாக எங்கள் பெரியவர்கள் விரும்பி வாங்கியது என்ன தெரியுமா? உங்கள் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தோய்த்த பருத்தித் துணி. ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் அதைக் கொண்டுவந்தார்கள். பல தலைமுறையாக உங்கள் துணியை உடுத்திக்கொண்டு எங்கள் காயை விற்றோம். யாரும் யாரையும் கொல்லவில்லை.

எங்களுக்கு ராஜா கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் சில பெரியவர்கள் இருந்தார்கள், ஓராங் காயா என்பார்கள். கப்பல் வந்தால் விலை பேசுவது, சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பண்ணுவது, அடுத்த ஊரோடு கூட்டுச் சேருவது எல்லாம் அவர்கள் வேலை. ஓர் ஊர்ப் பெரியவர் கொடுத்த வாக்கு அடுத்த ஊரைக் கட்டாது. 1512இல் போர்த்துகீசியர் வந்தார்கள், வாங்கினார்கள், கோட்டை கட்டப் பார்த்தார்கள், முடியவில்லை, போனார்கள். வந்தவர் எல்லாரும் வாங்குகிறவர்களாக இருக்கும்வரை எங்களுக்குக் குறையொன்றும் இல்லை.

1599இல் ஒல்லாந்தர் வந்தார்கள். மூன்றே வருஷத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இனிமேல் ஜாதிக்காயை எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அதில் இருந்தது. சில பெரியவர்கள் கையெழுத்து வைத்தார்கள். சிலர் வைக்கவில்லை. வைத்தவர்களும் ஏன் வைத்தார்கள்? கப்பலில் பீரங்கி இருந்தது. அந்தக் காகிதம்தான் எங்கள் கழுத்துக்கு வந்த கயிறு. அதற்குப் பிறகு ஒரு ஜாவாக்காரனுக்குப் பத்துப் படி காய் விற்றால்கூட ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், துரோகி என்றார்கள்.

நியாயத்தைக் கேளுங்கள். எங்கள் தீவில் நெல் விளையாது. அரிசி ஜாவாவிலிருந்து வர வேண்டும், சாகோ மாவு சேராமிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் வர வேண்டும். அரிசி கொண்டுவருகிறவன் காய் வாங்கத்தான் கொண்டுவருகிறான். அவனுக்கு விற்காதே என்றால் அவன் ஏன் வருவான்? ஒல்லாந்தர் கொண்டுவந்தது என்ன? தடித்த கம்பளித் துணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் வேர்த்து ஊற்றும் ஊரில், கம்பளியை வைத்து நாங்கள் என்ன செய்வது? அதை வேகவைத்துத் தின்ன முடியுமா? பிள்ளைக்குக் கஞ்சி வேண்டும் என்று ஜாவாக்காரனுக்கு விற்றோம். அது குற்றமாம். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்கே வயிறு கலங்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நாங்களும் கொன்றோம். 1609இல் பீட்டர் வெர்ஹூவன் என்ற தளபதி பெரிய கப்பல்படையோடு வந்து நெய்ராவில் நசாவ் கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டினான். போர்த்துகீசியர் பாதியில் விட்டுப்போன அதே இடத்தில், எங்கள் மண்ணில், எங்களைக் கேட்காமல். எங்கள் ஆட்கள் பேச்சுவார்த்தைக்கு என்று அவனை அழைத்தார்கள். போன இடத்தில் அவனையும் அவனோடு போனவர்களையும் வெட்டிப்போட்டார்கள். அழைத்துவைத்துக் கொன்றது நல்ல காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் அவர்கள் நானூறு வருஷமாக எடுத்து எடுத்துக் காட்டுகிறார்களே, அதற்கு முன்னால் தோண்டிய அஸ்திவாரத்தை ஏன் யாரும் காட்டுவதில்லை? பயந்தவன் கை முதலில் ஓங்கும். வீட்டு முற்றத்தில் பீரங்கி ஏற்றுகிறவனை எந்த ஊரில் மாலை போட்டு வரவேற்பார்கள்?

அந்தக் கப்பல்படையோடு கிழக்கே வந்தவர்களில் 22 வயது இளைஞன் ஒருவன் இருந்தான். சின்ன வணிக உத்தியோகம். பெயர் யான் பீட்டர்சோன் கூன். பத்து வருஷத்தில் அவன் ஒல்லாந்தக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் ஆனான். யுத்தம் இல்லாமல் வியாபாரம் இல்லை என்று எஜமானர்களுக்கு முன்னாலேயே எழுதி அனுப்பியவன். எங்களை என்ன செய்வது என்று அவன் எப்போதோ தீர்மானம் செய்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1616இல் ஆய் தீவைப் பிடித்தார்கள். அங்கே கட்டிய கோட்டைக்குப் 'பழிவாங்கல்' என்றே பெயர் வைத்தார்கள். கோட்டைக்கு வைக்கிற பெயரா அது? அதே வருஷம் பக்கத்து ருன் தீவுக்காரர்கள் ஆங்கிலேயனை நம்பினார்கள். எங்கள் தீவு இனி உங்கள் ராஜாவின் பாதுகாப்பில் என்று சொல்லி, மண்ணோடு சேர்த்து ஒரு ஜாதிக்காய்க் கன்றை அவர்கள் கையில் கொடுத்தார்கள். தாய் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்ததுபோல் கொடுத்தார்கள். அந்தக் கன்று என்ன ஆனதோ. காப்பாற்ற மட்டும் கடைசியில் ஒருவரும் வரவில்லை.

பிறகு 1621. பிப்ரவரி மாதக் கடைசியில் கூன் வந்தான். ஐரோப்பியச் சிப்பாய்கள் மட்டும் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். கூடவே ஜப்பானியக் கூலிப்படை, ஜாவாக் கைதிகள். மார்ச்சில் லொந்தோர் தீவில் இறங்கினார்கள். சில நாளில் தீவு விழுந்தது. எங்கள் பெரியவர்கள் சரணடைந்தார்கள், ஆயுதத்தை ஒப்படைக்கவும் மதிலை இடிக்கவும் சம்மதித்தார்கள், பெற்ற பிள்ளைகளைப் பிணையாகக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். இதற்குமேல் ஒருவன் எவ்வளவு குனிய முடியும்?

அதே தீவில் செலாமோனில் பள்ளிவாசலையே ஒல்லாந்த அதிகாரி தன் தங்குமிடமாக எடுத்துக்கொண்டான். ஊரார் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. ஏப்ரல் 21 ராத்திரி அங்கே தொங்கிய விளக்கு ஒன்று அறுந்து விழுந்தது. விளக்குத்தான் விழுந்தது! சத்தத்தில் பதறி எழுந்தவர்கள், எங்கள் ஆட்கள் தாக்க வந்துவிட்டார்கள் என்று இருட்டில் கண்டபடி சுட்டார்கள். விடிந்ததும் அது சதி ஆகிவிட்டது. சதியை யார் செய்தது என்று விசாரித்தார்கள். எப்படி விசாரித்தார்கள்? ஓராங் காயாக்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். வலி தாங்காமல் ஆமாம் என்றார்கள். அதை எழுதிக்கொண்டார்கள். எப்போதும் அவர்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

மே 8. நசாவ் கோட்டைக்கு வெளியே மூங்கிலால் வட்டமாக ஓர் அடைப்புக் கட்டினார்கள். கைகளைக் கட்டி, 44 பெரியவர்களை அதற்குள் தள்ளினார்கள். சதிக்குத் தலைவர்கள் என்று எட்டுப் பேரை முதலில் தனியாக நிறுத்தினார்கள். ஆறு ஜப்பானியர் வாளோடு உள்ளே போனார்கள். வெட்டி, துண்டாக்கி, தலைகளை மூங்கில் கழிகளில் செருகி ஊர் பார்க்க நட்டார்கள். எங்கள் பெரியவர்கள் கூச்சல் போடவில்லையாம். ஒருவர் மட்டும், ஒல்லாந்தர் மொழியிலேயே, இரக்கமே இல்லையா என்று கேட்டாராம். இதை நான் எங்கள் பக்கக் கதையாகச் சொல்லவில்லை. கூட நின்று பார்த்த ஒல்லாந்த அதிகாரி ஒருவரே எழுதிவைத்தார். யார் பக்கம் நியாயம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று அவர் கையே நடுங்கி எழுதியது.

ஆண்டவனுக்கு மட்டுமா தெரியும்? எங்களுக்கும் தெரியும் ஐயா.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சாகப்போகிற மனுஷன் தன் தாய்மொழியில் கேட்கவில்லை. கொல்லச் சொன்னவனுக்குப் புரியட்டும் என்று அவன் மொழியைத் தேடி எடுத்துக் கேட்டான். புரிந்தும் வெட்ட வைத்தார்கள்.

மற்றவர்கள் மலைமேல் ஓடினார்கள். ஒல்லாந்தர் கீழே சுற்றி வளைத்து அரிசி போகும் வழியை அடைத்தார்கள். எங்கள் ஆட்கள் பசியில் செத்தார்கள், நோயில் செத்தார்கள். பிடிபடுவதைவிட மேல் என்று பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்துச் செத்தார்கள். பெண்களும் குதித்தார்கள். 789 பேரை, கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல், கப்பலில் ஏற்றி, ஜாவாவில் இருந்த பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் கடைசியில் ஓராயிரம் பேர் மிஞ்சினார்களோ என்னவோ. கும்பினியின் எஜமானர்கள் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டாய் என்று கூனுக்கு எழுதினார்கள். அவனுக்கு 3,000 கில்டர் வெகுமதியும் கொடுத்தார்கள்.

நெஞ்சைப் பிசைகிற ஒரு விஷயம் இதில் உண்டு. ஊரை வெறுமையாக்கிய பிறகுதான் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. ஜாதிக்காய் மரத்தைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியாது. இளமரம் வெயில் தாங்காது, உயர்ந்த கெனாரி மரத்தின் நிழலில் வளர வேண்டும். பழம் மஞ்சளாகித் தானே வாய் பிளக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிளந்த வாய்க்குள் சிவப்புப் பட்டு நூல் சுற்றியதுபோல் பத்திரி தெரியும். நீண்ட கழியின் நுனியில் சின்ன மூங்கில் கூடை கட்டி, கிளை ஒடியாமல் பறிக்க வேண்டும். பத்திரியை நகம் படாமல் உரித்துத் தனியாக உலர்த்த வேண்டும், கொட்டையை இளம் புகையில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் பெண்கள் கையில் இருந்த வித்தை. அதனால் பத்தாவியாவுக்கு அடிமையாக ஏற்றிப்போன எங்கள் ஆட்களிலேயே சிலரைத் திரும்பக் கொண்டுவந்து, எங்கள் தோட்டத்தை யாருக்குப் பிரித்துக் கொடுத்தார்களோ அவர்களுக்கே சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள் தாயே. உன் புருஷனைக் கொன்றவன் உன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், நீ நின்றுகொண்டு அவனுக்குப் பறிக்கச் சொல்லித்தருகிறாய்.

தீவுகளை 68 தோட்டங்களாக அறுத்தார்கள். தோட்டத்துக்கு பெர்க் என்று பெயர். வேலை செய்ய ஆள்? எங்களைத்தான் கொன்றாகிவிட்டதே. அதனால் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஜாவா, பூட்டோன், மலபார் என்று எங்கெங்கிருந்தோ. அதில் உங்கள் சோழமண்டலக் கரையும் உண்டு. அப்போது அங்கே போரும் பஞ்சமும். பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குக் கோட்டை இருந்தது. பசிக்கு விற்கப்பட்ட பிள்ளைகளையும் பிடித்துவரப்பட்டவர்களையும் பழவேற்காட்டிலும் தேவனாம்பட்டினத்திலும் கப்பலேற்றினார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில். எங்களுக்குத் துணி வந்த அதே கடல்வழியில், எங்கள் பிணங்கள் கிடந்த இடத்தை நிரப்ப உங்கள் மக்கள் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பத்தாவியாவில் நின்றார்கள், எத்தனை பேர் எங்கள் மரங்களுக்கு அடியில் செத்தார்கள், யார் எண்ணினார்கள்? உங்கள் பிள்ளைக்கு நீங்கள் இழைக்கும் காய்க்குள் எங்கள் ரத்தம் மட்டும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். 1860 வரை அந்தத் தோட்டங்களில் அடிமைத்தனம் இருந்தது.

காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று கொட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். ருன் தீவில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். காயை விழுங்கிவிட்டுக் கடல் தாண்டிப் போய் விதைக்கிற புறாவைத்தான் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1667இல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் ருன் தீவை ஒல்லாந்தருக்கு விட்டார்கள், ஆங்கிலேயர் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமே நின்றது. இதை இப்போது எல்லாரும் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். ஒரு துளித் தீவுக்காக நியூயார்க்கையே கொடுத்த ஏமாளிகள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களே, ருன்னில் இருந்தவர்களைக் கேட்டார்களா? மன்ஹாட்டனில் இருந்தவர்களைக் கேட்டார்களா? அதுவும் ஆளில்லாத் தீவில்லை, லெனாப்பே மக்களின் மண். அங்கே இருந்ததும் இன்னொரு ஒல்லாந்தக் கும்பினிதான். அதன் கவர்னர் கீஃப்ட் 1643 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, வேறு எதிரிகளுக்குப் பயந்து தன் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே அடைக்கலமாகத் தங்கியிருந்த மக்கள்மேல் சிப்பாய்களை ஏவினான். பவோனியாவிலும் ஆற்றுக்கு இக்கரையில் மன்ஹாட்டனிலுமாக நூறு பேருக்குமேல் தூக்கத்திலேயே செத்தார்கள், கைக்குழந்தைகளோடு. அந்த லெனாப்பேத் தாய்க்கும் எனக்கும் நடுவில் இரண்டு பெருங்கடல் கிடக்கிறது. ஆனால் அவள் அழுத அழுகையின் காரணம் எனக்குத் தெரியும். தோல் வாங்க வந்தவன் அவள் மண்ணை எடுத்தான், காய் வாங்க வந்தவன் என் மண்ணை எடுத்தான். பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு வீட்டையும் மாற்றிக்கொண்டார்கள்.

கூனுக்கு அவன் பிறந்த ஹோர்ன் ஊரில் 1893இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். செத்து இருநூற்று அறுபது வருஷம் கழித்து வைத்த சிலை. 2011இல் ஒரு கிரேன் இடித்து அது கீழே விழுந்தது. அந்தச் சேதி கேட்டபோது எங்கள் ஊரில் யாரோ, ஒரு விளக்கு விழுந்ததற்கு 44 தலை போனது, இதற்கு யார் தலை போகும் என்று கேட்டார்கள். யார் தலையும் போக வேண்டாம். ஆனால் அந்தச் சிலையைச் செப்பனிட்டு மறுபடியும் தூக்கி நிறுத்தினார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பலகையில் அவன்மேல் குறையும் எழுதியிருக்கிறார்களாம். பலகை கீழே, அவன் வானத்துக்கு நிற்கிறான்.

2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். நல்லது, கேட்கட்டும். ஆனால் பூண்டோடு அழிந்தவர்கள் என்று எங்களை எழுதிவைத்திருக்கும்வரை அந்த மன்னிப்பு எந்த விலாசத்துக்கு வரும்? செத்தவர்களுக்கு மண்ணைத் திருப்பித் தர வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரு கல்லை நட்டுப் பூவை வைத்துவிட்டால் தீர்ந்தது. அதனால்தான் அந்த வழிகாட்டிப் பையன் சொன்ன வாக்கியம் என்னை அப்படிச் சுட்டது. வெட்டினவர்கள் விட்டுவைத்ததை அழுகிறவர்கள் முடித்துவைக்கிறார்கள்.

நாங்கள் அழியவில்லை. படகு கிடைத்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சேராமுக்குப் போனார்கள், மக்காசாருக்குப் போனார்கள், கேய்க்குப் போனார்கள். கேய் மக்கள் எங்களுக்கு இருக்க இடம் கொடுத்தார்கள். அந்த நன்றியை என் பிள்ளைகள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அங்கே படகு கட்டினோம், பானை வனைந்தோம். எங்கள் பெண்கள் சக்கரம் இல்லாமல், உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டியே சட்டி செய்வோம். தட்டும்போது பாட்டு வரும். முன்னோர் எந்தத் துறையை விட்டுக் கிளம்பினார்கள், எந்தத் தீவில் தண்ணீர் எடுத்தார்கள், யார் திரும்பிவரவில்லை என்று வழியெல்லாம் பாட்டில் இருக்கும். ஓனோதானி என்போம். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கும்பினியின் காகிதங்களில் இல்லாத எங்கள் பெயர்கள் அவள் வாயில் இருந்தன. என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், கைபேசி பார்க்கிறாள், நான் எங்கள் மொழியில் கேட்டால் இந்தோனேசிய மொழியில் பதில் சொல்கிறாள். அவளை அடிக்கவா முடியும்? வாள் செய்யாததை இந்த மெத்தனம் செய்துவிடுமோ என்று ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்று நெய்ராவிலும் லொந்தோரிலும் இருப்பவர்கள்மேல் எனக்கு மனஸ்தாபம் கிடையாது. அவர்கள் பாட்டனும் பூட்டியும் விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள்தான். எங்கள் பெரியவர்களை அவர்கள் தங்கள் பெரியவர்களாக எடுத்துக்கொண்டார்கள். கேடயம் ஏந்தி சகலேலே ஆடும்போது அந்த 44 பேரை நினைக்கிறார்கள். நெய்ராவில் பரிகி ரந்தே என்று ஒரு கிணறு இருக்கிறது, சங்கிலிக் கிணறு என்று அர்த்தம். அங்கே பெரியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யாரோ பெற்ற பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள் இத்தனை காலமும். அவர்களைக் கட்டிக்கொண்டு அழத்தான் தோன்றியது.

அந்தக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். பெயர்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். மறுநாள் படகில் லொந்தோருக்குப் போய் மேட்டு நிலத்தில் ஒரு பிடி மண் எடுத்தேன். அதற்குத்தான் சட்டி. சாவதற்கு முன் பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், என் தலைமாட்டில் வந்தான் மண் கொஞ்சம் போடு என்று. அதை எடுக்க எனக்கு இருபது வருஷம் ஆகிவிட்டது. மண்ணை அள்ளும்போது வாய் தானாகப் பேசியது, எங்கள் மொழியில், அவளோடு பேசுவதுபோல். சத்தமாகவே பேசினேன் போலிருக்கிறது. நெய்ராவுக்குத் திரும்பிய படகிலும் நிறுத்த முடியவில்லை.

துறையில் அதே பையன் நின்றிருந்தான். சட்டியை இறக்கக் கைகொடுத்தான். "அம்மா, நீங்கள் பேசியது எந்த ஊர் பாஷை?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"இந்த ஊர் பாஷை" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் அவன் கையை விடவில்லை. கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார் தம்பி என்றேன். என் பாட்டியின் பாட்டை முதலிலிருந்து பாட ஆரம்பித்தேன்.